இலகு வானூர்தியில் வெளிநாட்டுப் பறப்பு

இலகு வானூர்தியில் வெளிநாட்டுப் பறப்பு என்பது, ஒருவர் தமது சொந்தத் தேவைக்காகச் சில இருக்கைகளே கொண்ட ஒரு சிறிய வானூர்தியைத் தாமே ஓட்டி, நாட்டின் எல்லையைக் கடந்து வேறொரு நாட்டின் வானூர்தி நிலையத்தில் தரையிறங்குவதைக் குறிக்கும். கட்டணம் பெற்றுப் பயணிகளை ஏற்றிச் செல்லும் சேவைகள் இதில் அடங்கா. தமிழ்நாட்டைப் பொறுத்தவரை இத்தகைய பறப்புக்கு மிக அருகிலுள்ள வெளிநாடு இலங்கை ஆகும். திருச்சிராப்பள்ளியிலிருந்து யாழ்ப்பாணத்தின் பலாலிக்கு நேர்கோட்டுத் தொலைவு ஏறத்தாழ 185 கிமீ மட்டுமே. இது சென்னையிலிருந்து திருச்சிராப்பள்ளி செல்லும் தொலைவை விடவும் குறைவு. எனினும் இப்பறப்பில் தொலைவு பெரிய சிக்கலன்று. எந்த வாசல் வழியே நாட்டுக்குள் நுழைவது, நடுக்கடலில் பொறி நின்றுபோனால் என்ன செய்வது என்ற இரு கேள்விகளுக்கும் தரையில் இருக்கும்போதே விடை கண்டிருக்க வேண்டும்.

வரலாறு

1930 ஆம் ஆண்டு சென்னையில் மெட்ராஸ் பிளையிங் கிளப் என்னும் பறப்புக் கழகம் தொடங்கப்பட்டது. அதே ஆண்டில், இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே தனியாகப் பறக்கும் முதல் இந்தியருக்கு ஆகா கான் அறிவித்த 500 பவுண்டு பரிசுக்காக மூன்று இளைஞர் போட்டியிட்டனர். ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து மேற்கு நோக்கிப் புறப்பட்டார். ஆஸ்பி எஞ்சினியர் இங்கிலாந்திலிருந்து கிழக்கு நோக்கி வந்தார். எகிப்தின் அபூகீர் நிலையத்தில் இருவரும் சந்தித்தபோது, எஞ்சினியரிடம் மாற்றுத் தீப்பொறிச் செருகிகள் இல்லை என்பதை அறிந்த டாட்டா தம்மிடமிருந்தவற்றைக் கொடுத்து உதவினார். பரிசை வென்றவர் எஞ்சினியரே. அவர் 1960 இல் இந்திய வான்படையின் தலைமைத் தளபதி ஆனார். உதிரிப் பாகம் கிடைக்காத அயல்நாட்டுச் சிறு நிலையத்தில் சிக்கிக்கொள்வது அக்காலத்தில் எவ்வளவு இயல்பாக இருந்தது என்பதை இந்நிகழ்வு காட்டுகிறது.

தமிழகத்திலிருந்து மேற்கொள்ளப்பட்ட பறப்புகளுள் குறிப்பிடத்தக்கது 1935 நவம்பர் 27 அன்று நிகழ்ந்ததாகும். கொழும்புக்கு அருகே ஒரு வானூர்தி நிலையம் வேண்டும் என முடிவுசெய்த இலங்கை அரசாங்க சபை, இரத்மலானையை அதற்குரிய இடமாகத் தெரிந்தெடுத்திருந்தது. அங்கு முதன்முதலாகத் தரையிறங்கியது பெரிய பயணிகள் வானூர்தி அன்று. சென்னைப் பறப்புக் கழகத்தின் தலைமைப் பயிற்றுநர் டின்டேல் பிஸ்கோ ஓட்டிச்சென்ற டி ஹாவிலண்ட் புஸ் மோத் என்னும் சிறு வானூர்தியே ஆகும். மூடிய அறையில் ஓட்டுநரும் இரு பயணிகளும் அமரக்கூடிய இவ்வூர்தியின் பொறி ஏறத்தாழ 120 குதிரைத்திறன் கொண்டது. மணிக்கு 170 கிமீ அளவில் பறக்கும். வழக்கமான எரிபொருட் கலன்களுடன் ஒரே வீச்சில் சுமார் 480 கிமீ செல்லும். சென்னைக்கும் இரத்மலானைக்கும் இடையே 680 கிமீக்கு மேல் இருப்பதால், அத்தகைய ஊர்தி வழியில் எங்காவது இறங்கி எரிபொருள் நிரப்பியே தீர வேண்டும்.

இதன்பின் சிறு ஊர்திகளின் வழியைப் பெரியவை பின்பற்றின. 1938 பெப்ரவரியில் டாட்டா நிறுவனத்தின் அஞ்சல் சேவை கொழும்பு வரை நீட்டிக்கப்பட்டது. 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் பறப்பு இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னை வந்தடைந்தது.

சட்ட அடிப்படை

1944 டிசம்பர் 7 அன்று சிகாகோவில் கையெழுத்தான பன்னாட்டுக் குடிசார் வான்போக்குவரத்து உடன்படிக்கையே இன்றும் அடிப்படைச் சட்டமாகும். இதன் முதல் உறுப்புரை, ஒவ்வொரு நாட்டுக்கும் தன் நிலப்பரப்புக்கு மேலுள்ள வானில் முழு இறைமை உண்டு என்கிறது. ஐந்தாம் உறுப்புரையோ, கால அட்டவணைப்படி இயங்காத வானூர்திகள் முன் அனுமதியின்றியே பிற நாடுகளுக்குள் பறக்கலாம் என்று தாராளமாகக் கூறுகிறது. இதனை மட்டும் படித்துவிட்டு ஒருவர் புறப்பட்டுவிடக் கூடாது. நடைமுறையில் இந்தியா, இலங்கை உள்ளிட்ட பல நாடுகள் முன் அனுமதியைக் கட்டாயமாக்கியுள்ளன.

பத்தாம் உறுப்புரை சிறு வானூர்தியாளருக்கு மிக முக்கியமானது. வெளிநாட்டிலிருந்து வரும் வானூர்தி, அந்நாடு கோரினால், சுங்கச் சோதனைக்கென அறிவிக்கப்பட்ட நிலையத்திலேயே முதலில் இறங்க வேண்டும். வெளியேறும்போதும் அத்தகைய நிலையத்திலிருந்தே புறப்பட வேண்டும். இந்தியாவின் 1962 ஆம் ஆண்டுச் சுங்கச் சட்டமும் இதையே வலியுறுத்துகிறது. தமிழ்நாட்டில் சென்னை, திருச்சிராப்பள்ளி, கோயம்புத்தூர், மதுரை ஆகியவை இவ்வகை நிலையங்கள். ஆகவே சேலத்தில் நிற்கும் ஒரு வானூர்தி நேராக இலங்கைக்குச் செல்ல இயலாது. முதலில் திருச்சிராப்பள்ளியில் இறங்கி, சுங்கமும் குடிநுழைவும் முடித்த பின்னரே கடலை நோக்கித் திரும்ப வேண்டும்.

ஐரோப்பாவில் நிலைமை வேறு. செங்கன் உடன்படிக்கை நாடுகளுக்கிடையே குடிநுழைவுச் சோதனை பொதுவாக இல்லாததால், பிரான்சின் ஒரு புல்தரை ஓடுபாதையிலிருந்து செருமனியின் இன்னொரு புல்தரைக்கு ஒருவர் மதிய உணவுக்குச் சென்று திரும்பலாம். ஐக்கிய இராச்சியத்துக்குள் வருபவர் பயணிகளின் விவரங்களை இணையவழி முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். 2024 ஏப்ரல் முதல், இவ்வறிக்கையைப் புறப்பாட்டுக்கு இரண்டு மணி நேரத்துக்கு முன்பாகவே அளித்தாக வேண்டும். சிறு நிலையம் ஒன்றுக்கு வெளிநாட்டிலிருந்து நேரடியாகச் செல்வது எளிதா என்பதைப் பெரும்பாலும் ஓடுபாதையின் நீளம் தீர்மானிப்பதில்லை. அங்கு அதிகாரி வருவாரா என்பதே தீர்மானிக்கிறது.

ஆவணங்களும் அனுமதிகளும்

வானூர்தியில் எடுத்துச்செல்ல வேண்டிய ஆவணங்களை உடன்படிக்கையின் 29 ஆம் உறுப்புரை வரையறுக்கிறது. பதிவுச் சான்றிதழ், பறப்புத் தகுதிச் சான்றிதழ், ஓட்டுநர் உரிமம், பயணக் குறிப்பேடு, வானொலி இருப்பின் அதற்கான உரிமம், பயணிகளின் பெயர்ப்பட்டியல் முதலியன இதில் அடங்கும். இந்தியப் பதிவு 'விடி' என்னும் எழுத்துகளிலும், இலங்கைப் பதிவு '4ஆர்' என்பதிலும் தொடங்கும். வருகை தரும் வானூர்திக்கு இறக்குமதி வரி விதிக்கப்படாமல் தற்காலிகமாக அனுமதிக்கப்பட வேண்டும் என 24 ஆம் உறுப்புரை கூறுகிறது. இவ்விதி இல்லாவிடில் ஒவ்வொரு பயணமும் ஒரு வானூர்தி இறக்குமதியாகவே கருதப்பட்டிருக்கும்.

பறப்புத் திட்டம் புறப்பாட்டுக்குக் குறைந்தது 60 நிமிடங்களுக்கு முன்னர் அளிக்கப்பட வேண்டும். நேரங்கள் யாவும் ஒருங்கிணைந்த அனைத்துலக நேரத்தில் எழுதப்படும். இது தேவையற்ற சடங்கு போலத் தோன்றலாம். ஆனால் 1996 முதல் 2006 வரை இலங்கையின் நேரம் இந்திய நேரத்திலிருந்து வேறுபட்டிருந்தது என்பதை நினைவிற்கொண்டால் இதன் பயன் விளங்கும்.

இந்தியாவில் இதற்கு மேலாக வான்பாதுகாப்பு அனுமதி எண் ஒன்றையும் பெற வேண்டும். அந்த எண் இன்றிப் பறக்கும் ஊர்தி அடையாளம் தெரியாத ஊர்தியாகக் கருதப்பட்டுப் போர் வானூர்திகளால் இடைமறிக்கப்படலாம். மீனம்பாக்கத்திலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் ஊர்தி, முதல் சில நிமிடங்களிலேயே தாம்பரம் வான்படைத் தளத்தின் அருகே செல்கிறது. அதன்பின் வண்டலூர், ஊரப்பாக்கம் பகுதிகளைக் கடப்பதற்குள் குடிசார் கட்டுப்பாடு, படைத்துறை ஆகிய இரண்டும் அதனை அறிந்திருக்க வேண்டும். இராமேசுவரத்தை நெருங்கும்போது உச்சிப்புளியிலுள்ள கடற்படையின் பருந்து தளம் எதிர்ப்படும்.

பாக்கு நீரிணையில் இக்கண்டிப்புக்கு வேறொரு காரணமும் உண்டு. 2007 மார்ச் 26 அன்று விடுதலைப் புலிகள் இலகு வானூர்திகளைக் கொண்டு கட்டுநாயக்கா வான்படைத் தளத்தைத் தாக்கினர். பொழுதுபோக்குக்கும் பயிற்சிக்கும் உரியதாகக் கருதப்பட்ட ஊர்தி வகை ஒன்று, அந்நாளுக்குப் பின் இவ்வான்பரப்பில் ஐயத்துக்குரியதாயிற்று. பல்லாண்டுகள் படைத்துறையின் பயன்பாட்டில் இருந்த பலாலி நிலையம் 2019 அக்டோபர் 17 அன்று பன்னாட்டு வானூர்தி நிலையமாகத் திறக்கப்பட்டது. சென்னையிலிருந்து பயணிகள் சேவை அதே ஆண்டு நவம்பரில் தொடங்கி, 2020 இல் நின்று, 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கியது.

கடலைக் கடத்தல்

பெரும்பாலான இலகு வானூர்திகள் ஒற்றைப் பொறி கொண்டவை. பொறி நின்றால் அவை உடனே விழுந்துவிடுவதில்லை. உயரத்தை இழந்தவாறே சறுக்கிச் செல்லும். செசுனா 172 போன்ற ஊர்தி ஏறத்தாழ 9:1 என்னும் விகிதத்தில் சறுக்கும். அதாவது ஒரு கிமீ உயரத்தில் இருந்தால் காற்றற்ற நிலையில் 9 கிமீ செல்லும்.

தனுசுக்கோடி முனைக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஏறத்தாழ 30 கிமீ கடல் உள்ளது. கிழக்கு நோக்கிச் செல்லும் காட்சிவழிப் பறப்புக்குரிய உயரங்கள் 3,500, 5,500, 7,500 அடி என அமையும். 5,500 அடி என்பது சுமார் 1.68 கிமீ, அங்கிருந்து 15 கிமீ சறுக்கலாம். எனவே நடுக்கடலில் பொறி நின்றாலும் இரு கரைகளுள் ஒன்றைக் கணக்கின்படி மட்டுமட்டாக எட்டிவிடலாம். ஆனால் எதிர்க்காற்று, திரும்பும்போது இழக்கும் உயரம், ஓட்டுநர் திகைத்து நிற்கும் சில நொடிகள் ஆகியவை இக்கணக்கில் இல்லை. ஆகவே 7,500 அடியே அறிவுடைய தெரிவாகும்.

கோடியக்கரையிலிருந்து பலாலிக்கு நேராகச் சென்றால் கடல் சுமார் 60 கிமீ. 5,500 அடியில் இரு கரைகளிலிருந்தும் 15 கிமீ கழித்தால், நடுவே 30 கிமீ தொலைவுக்கு எந்தக் கரையும் எட்டாது. மணிக்கு 200 கிமீ வேகத்தில் அது 9 நிமிடம். இந்த 9 நிமிடத்தை முற்றாக நீக்க வேண்டுமாயின் ஏறத்தாழ 11,000 அடி உயரம் தேவை. தலைமன்னார் வழி சுற்றாயினும் அதனைத் தெரிவுசெய்வதற்கான காரணம் இதுவே.

கரையை எட்டமுடியாத தொலைவுக்குச் செல்லும் ஒற்றைப் பொறி ஊர்தியில் ஒவ்வொருவருக்கும் உயிர்காப்பு மிதவையுடை இருக்க வேண்டும். அதனை இருக்கைக்குப் பின்னால் வைப்பதை விட அணிந்துகொள்வதே நன்று. மடக்க முடியாத சக்கரங்கள் கொண்ட ஊர்தி நீரில் இறங்கும்போது மூக்குக் குத்திக் கவிழக்கூடும். அப்போது தேடி எடுக்க நேரம் இராது. அவசரகால இடங்காட்டிக் கருவி 406 மெகாஏர்ட்சில் இயங்குவதாக இருக்க வேண்டும். பழைய 121.5 மெகாஏர்ட்சுச் சைகைகளைச் செயற்கைக்கோள்கள் கேட்பது 2009 பெப்ரவரி 1 உடன் நின்றுவிட்டது.

வானொலி மொழி

இரு கரைகளிலும் மக்கள் பேசுவது தமிழேயாயினும், இந்தப் பறப்பில் வானொலி உரையாடல் ஆங்கிலத்தில்தான் நிகழும். பன்னாட்டுப் பறப்பில் ஈடுபடும் ஓட்டுநர், ஆறு நிலைகள் கொண்ட மொழித்திறன் அளவுகோலில் குறைந்தது நான்காம் நிலையை எட்டியிருக்க வேண்டும் என்னும் விதி 2008 மார்ச் முதல் நடைமுறையில் உள்ளது. நீரிணைக்கு மேலே சென்னை வான்பரப்பின் பொறுப்பு முடிந்து கொழும்பு வான்பரப்பின் பொறுப்பு தொடங்குகிறது. அவ்விடத்தில் ஓட்டுநர் அலைவரிசையை மாற்றித் தம் இருப்பிடத்தை அறிவிக்க வேண்டும்.

எரிபொருள்

சிறு ஊர்திகளின் தீப்பொறிப் பற்றவைப்புப் பொறிகளுக்கு வேண்டியது நீல நிறமூட்டப்பட்ட வானூர்திப் பெட்ரோல் ஆகும். பெரிய வானூர்திகளுக்கான எரிபொருள் மண்ணெண்ணெய் வகையைச் சேர்ந்தது. பயணிகள் சேவை நடைபெறும் நிலையத்தில் இரண்டாவது கட்டாயம் இருக்கும்; முதலாவது இருக்கும் என்பதற்கு உறுதியில்லை. மண்ணெண்ணெயை இத்தகைய பொறியில் தவறுதலாக நிரப்பினால், குழாய்களில் எஞ்சியிருக்கும் பெட்ரோலில் ஊர்தி புறப்பட்டு, மேலேறும்போது பொறி நின்றுவிடக்கூடும். ஆகையால் திரும்பி வருவதற்கான எரிபொருளையும் புறப்படும் இடத்திலேயே நிரப்பிச் செல்வதுண்டு. அப்போது எடை கூடுவதால் பயணிகளின் எண்ணிக்கையைக் குறைக்க நேரிடும்.

வருகை

தரையிறங்கியதும் சுங்கம், குடிநுழைவு, நலவழி அதிகாரிகளிடம் பொது அறிவிப்புப் படிவம் அளிக்கப்படும். சோதனை முடியும் வரை பயணிகள் ஊர்தியை விட்டு அகலக் கூடாது. கட்டுப்பாட்டுக் கோபுரம் இயங்கும் நிலையங்களில் பறப்புத் திட்டம் தானாகவே முடித்துவைக்கப்படும். ஏனைய இடங்களில் தாம் வந்துசேர்ந்ததை ஓட்டுநரே அறிவிக்க வேண்டும். அவர் மறந்துவிட்டால், எதிர்பார்க்கப்பட்ட வருகை நேரத்துக்கு 30 நிமிடங்களுக்குப் பின் ஐயநிலை அறிவிக்கப்பட்டு, தேடுதலுக்கான படிகள் தொடங்கும்.