நுரை வெப்பக்காப்புப் பலகைகளின் அமுக்க வலிமைக் குறியீடு: பொருளும் பயன்பாட்டு வரம்பும்

முன்னுரை

குளிர்பதனக் கிடங்குகளின் தரைக்கு அடியில் பதிக்கப்படும் நுரைப் பலகைகள் வெப்பத்தைத் தடுப்பதோடு, மேலுள்ள கான்கிரீட்டையும் சரக்கையும் தாங்க வேண்டும். ஆகவே, அவற்றைத் தெரிவு செய்வோர் அமுக்க வலிமைக் குறியீட்டையே முதலில் நோக்குவர். அதனைப் பலகை நிலையாகத் தாங்கத்தக்க சுமை எனக் கொள்வது பொருந்தாது என்பதை, தெர்மாகோல் என வழங்கும் விரிவுற்ற பாலிஸ்டைரீனை முன்வைத்து இக்கட்டுரை விளக்குகிறது.

குறியீடு உணர்த்துவது

கான்கிரீட் அமுக்கத்தில் உடைகிறது. அது தாங்கும் உச்சத் தகைவே அதன் வலிமை. தெர்மாகோல் அவ்வாறு உடைவதில்லை. அதன் நுண்ணறைகள் நசுங்க நசுங்க, தாங்கும் தகைவும் சிறிது சிறிதாகக் கூடிக்கொண்டே செல்கிறது. எனவே, அளவிடுவதற்கு ஓர் எல்லையை வகுத்துக்கொள்ள வேண்டியுள்ளது. இ.என். 826 என்னும் ஐரோப்பியத் தரமுறை 10 விழுக்காட்டுத் திரிபை அவ்வெல்லையாகக் கொள்கிறது. ‘சிஎஸ்(10)100’ என்னும் குறியீட்டில் 10 என்பது அத்திரிபையும், 100 என்பது அந்நிலையில் பலகை காட்ட வேண்டிய குறைந்த அளவுத் தகைவைக் கிலோபாஸ்கல் அலகிலும் குறிக்கின்றன. அதாவது, 50 மி.மீ. தடிமனுள்ள பலகை 5 மி.மீ. நசுங்கிய நிலையில் பெறப்படும் மதிப்பு அது.

திரிபின் எல்லையைக் குறைத்தால் மதிப்பும் குறையும். சாலை மேடுகளில் பயன்படும் நுரைக் கட்டிகளுக்கான ஏஎஸ்டிஎம் டி6817 என்னும் அமெரிக்கத் தரமுறையில், ஈபிஎஸ்19 வகைக்கு 10 விழுக்காட்டுத் திரிபில் 110 கிலோபாஸ்கலும், 1 விழுக்காட்டுத் திரிபில் 40 கிலோபாஸ்கலும் குறைந்த அளவுகளாக வரையறுக்கப்பட்டுள்ளன.

காலமும் சுமையும்

இ.என். 826 சோதனையில் 10 விழுக்காட்டுத் திரிபு ஏறத்தாழ ஒரு நிமிடத்தில் எட்டப்படுகிறது; தரையோ பல்லாண்டுகள் சுமை தாங்க வேண்டும். நிலையான சுமையின்கீழ் நுரை நாள்பட மெல்ல நசுங்குவதைத் தவழ்வு என்பர். நிலைச்சுமை, 10 விழுக்காட்டுத் திரிபுக்குரிய தகைவில் 30 விழுக்காட்டுக்குள் இருப்பின், 50 ஆண்டுகளில் தவழ்வு 2 விழுக்காட்டைத் தாண்டாது என இ.என். 13163 தரமுறை வழிகாட்டுகிறது.

ஒரு கிடங்கில் சதுர மீட்டருக்கு 4 டன் சரக்கு சீராகப் பரவி நிலையாக இருப்பதாகக் கொள்வோம். இது ஏறத்தாழ 39 கிலோபாஸ்கல். 150 மி.மீ. கான்கிரீட் தளத்தின் எடையையும் சேர்த்தால் 43 ஆகும். ‘சிஎஸ்(10)100’ பலகை போதுமெனத் தோன்றினும், அதன் நீண்டகால வரம்பு 30 மட்டுமே. ‘சிஎஸ்(10)150’ பலகையின் வரம்பு 45 ஆதலால் அதுவே பொருந்தும்.

முடிவுரை

அமுக்க வலிமைக் குறியீடு பலகைகளைத் தரம் பிரிக்க உதவும் ஆய்வக அளவீடு. வடிவமைப்புச் சுமை அன்று. எவ்வளவு திரிபில், எவ்வளவு காலத்திற்கு என்னும் இரு வினாக்களுக்கும் விடை கண்ட பின்னரே அவ்வெண்ணைக் கணக்கீட்டில் பயன்படுத்துதல் வேண்டும்.