கலைக்குக் கட்டிய இல்லம்

நுழையும்முன்

கற்சிற்பம் வெயிலையும் மழையையும் தாங்கி நிற்கும், ஓவியம் தாங்காது. அதற்கு ஓர் இல்லம் வேண்டும். அவ்வில்லமே நலிவுற்றால் கலை என்னாகும்? சென்னை எழும்பூர்த் தேசியக் கலைக்கூடத்தின் வரலாறு இவ்வினாவை நம்முன் வைக்கிறது.

பாறையும் கூடமும்

மாமல்லபுரத்தில் அருச்சுனன் தபசு என வழங்கும் பல்லவர்காலப் புடைப்புச் சிற்பத் தொகுதி, ஏறத்தாழ 1300 ஆண்டுகளாகத் திறந்தவெளியில் நிற்கிறது. அங்குப் பாறையே சுவர், வானமே கூரை. துணியிலும் தாளிலும் தீட்டிய ஓவியங்களுக்கோ கடுவெயிலும் ஈரமும் பகை. அவற்றைக் காத்து, அனைவரும் காணச் செய்வதே கலைக்கூடத்தின் பணியாகும்.

தோற்றமும் வளர்ச்சியும்

விக்டோரியா அரசியின் நினைவாக எழுந்தது இக்கட்டடம். பின்னாளில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரான வேல்ஸ் இளவரசர், 1906 சனவரி 26 அன்று அடிக்கல் நாட்டினார். 1909இல் ஆளுநர் ஆர்தர் லாலி திறந்துவைத்தார். தொடக்கத்தில் இங்குக் கைவினைப் பொருள்கள் காட்சிப்படுத்தப்பட்டன. விடுதலைக்குப் பின், 1951இல் பிரதமர் நேரு இதனைத் தேசியக் கலைக்கூடமாகத் திறந்துவைத்தார். அரசியின் நினைவு மண்டபம் மக்களின் கலைக்கூடமாயிற்று. இரவிவர்மாவின் ஓவியங்கள் இங்கு இடம்பெற்றன.

கட்டட அமைப்பு

இதனை வடிவமைத்தவர் ஹென்றி இர்வின். கட்டியவர் நம்பெருமாள் செட்டியார். இந்திய, இசுலாமிய, ஐரோப்பியக் கூறுகள் கலந்த இந்தோ-சாரசனிக் பாணியில் இது அமைந்துள்ளது. இளஞ்சிவப்பு மணற்கல்லால் ஆன ஓங்கிய முகப்பு, பதேபூர் சிக்ரியின் புலந்த் தர்வாசாவை நினைவூட்டும். கூர்நுனி வளைவும் சிறு குவிமாடங்களும் நுண்ணிய செதுக்கு வேலைப்பாடும் காண்போரை ஈர்க்கும்.

பூட்டிய கதவு

சுவர்களில் விரிசல் கண்டதால், 2002இல் கலைக்கூடம் மூடப்பட்டது. ஓவியங்கள் அருங்காட்சியக வளாகத்தின் வேறு கட்டடத்திற்கு மாற்றப்பட்டன. பல ஆண்டுகளாக, அங்கு வந்த மாணவர்கள் முகப்பை மட்டுமே கண்டு திரும்பினர்.

பழங்கட்டடத்தைச் சீரமைப்பது எளிதன்று. சுண்ணாம்புச் சாந்து ஈரத்தை உள்வாங்கி வெளிவிடும் இயல்புடையது. அதன்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கிச் செங்கல்லை அரிக்கும். ஆகவே, பழைய சுவரைக் காக்கப் பழைய தொழிலறிவு வேண்டும். அவ்வறிவுடைய கொத்தர் மறைந்தால், கட்டடத்தைக் காக்கும் வழியும் மறையும்.

மாமல்லபுரத்தில் 1957இல் தொடங்கிய அரசு சிற்பக்கலைப் பயிற்சி இன்றும் கல்லூரியாகத் தொடர்கிறது. உளியின் அறிவு கைமாறுவதுபோல், கரண்டியின் அறிவும் கைமாற வேண்டும். நும் ஊரிலும் பழங்கட்டடம் ஒன்று இருக்கும். அதைக் கட்டிய பொருள் எது, அதைப் பழுதுபார்க்க அறிந்தவர் யாவர் எனக் கேட்டறியுங்கள். பாதுகாப்பு அவ்வினாவில்தான் தொடங்குகிறது.