காற்றை உண்டு வாழுமா பச்சோந்தி?

கட்சி மாறுகிறவரை ஏசுவதற்கு நாம் எடுத்தாளும் பெயர் பச்சோந்தி. அப்பெயருக்கு உரிய உயிரை நேரில் கண்டவர்கள் நம்முள் எத்தனை பேர் இருப்பர்? வேலியில் தலையாட்டும் ஓணானைப் பார்த்து, அதுவே பச்சோந்தி என்று எண்ணியிருப்போர் பலர். விலங்கியல் முதுகலை வகுப்பில் சேரும்வரை நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவன்தான்.

சென்ற மழைக்காலத்தில், மல்லாபூரில் நாங்கள் நால்வர் குடியிருக்கும் வீட்டின் பின்புறம் இருந்த புதர்களைக் கட்டட வேலைக்காக வெட்டினார்கள். வெட்டுண்ட சீத்தாக் கிளையோடு ஒரு பச்சோந்திக் குஞ்சும் கீழே விழுந்தது. என் சுட்டுவிரல் நீளந்தான் இருக்கும். வீட்டுக்கார அம்மாள் 'ஊசரவெல்லி' என்று கூவி, விஷம், தொடாதே என்று தடுத்தார். பச்சோந்திக்கு விஷம் கிடையாது. அதை எடுத்துச் சொல்லும் அளவுக்கு எனக்கு விலங்கியல் தெரியும், தெலுங்குதான் போதவில்லை. அறை நண்பர் பழைய மீன் தொட்டி ஒன்றைக் கொண்டுவந்தார. அடியில் மண் பரப்பினோம். ஒரு குச்சியை நட்டோம். கிண்ணத்தில் தண்ணீரும் செத்த ஈக்கள் நான்கும் வைத்தோம். பெரிய உபசாரம் செய்துவிட்டதாகவே நினைப்பு. இரண்டு நாள் அது எதையும் தொடவில்லை. மூன்றாம் நாள் கண்கள் குழிந்து, உடல் கறுத்து, குச்சியைப் பற்றிக்கொண்டு கிடந்தது.

அந்தத் தொட்டியில் நாங்கள் சரியாகச் செய்தது எதுவுமே இல்லை என்பது பிறகுதான் விளங்கிற்று.

முதலில் தண்ணீர். பச்சோந்தி மரத்தில் வாழ்வது. இலையில் தங்கும் பனித்துளியும் மழைத்துளியுமே அதற்குக் குடிநீர். கிண்ணத்தில் அசையாமல் நிற்கும் நீரைப் பெரும்பாலும் அது நீர் என்றே கண்டுகொள்வதில்லை. எங்கள் துறையின் மூத்த ஆராய்ச்சி மாணவர் ஒருவர் வந்து பார்த்தார். ஒரு பிளாஸ்டிக் புட்டியின் அடியில் ஊசியால் துளையிட்டு, தொட்டிக்கு மேலே கட்டி, இலைமீது சொட்டுச் சொட்டாக விழும்படி செய்தார். ஒரு கண் மட்டும் துளியை நோக்கித் திரும்பியது. மற்றது எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. இரு கண்களையும் தனித்தனியே சுழற்ற வல்லது அல்லவா? சிறிது நேரம் சென்று நகர்ந்து வந்து வாயை வைத்தது. பத்து நிமிடம் குடித்திருக்கும். நாங்கள் யாரும் பேசவில்லை.

அடுத்தது உணவு. பச்சோந்தி காற்றை உண்டே வாழ்கிறது என்று ரோமாபுரி அறிஞர் பிளினி முதல் நூற்றாண்டில் எழுதி வைத்தார். அசையாமல் மணிக்கணக்கில் இருப்பதைப் பார்த்தால் எவருக்கும் அப்படித்தான் தோன்றும். உண்மையில் அது இரை அசைவதற்காகக் காத்திருக்கிறது. அசையாத ஈ அதற்கு இரையன்று. இரை அகப்பட்டால், உடல் நீளத்தையும் மிஞ்சும் நாக்கு கண் இமைப்பதற்குள் பாய்ந்து திரும்பிவிடும். வெறும் தசையின் சுருக்கத்தால் இவ்வளவு வேகம் வராது. நாவெலும்பைச் சுற்றியுள்ள நார்ப்படலங்கள் முன்கூட்டியே இழுபட்டு, வில்லின் நாண்போல் ஆற்றலைச் சேர்த்து வைக்கின்றன என்று ஹாலந்து நாட்டு ஆராய்ச்சியாளர் இருவர் 2004இல் காட்டினர்.

குஞ்சுக்கு ஒரு நாளில் இரண்டு மூன்று வேளை இரை வேண்டும். அதன் இரு கண்களுக்கும் இடையிலுள்ள அகலத்தைவிடப் பெரிய பூச்சியைக் கொடுக்கலாகாது என்பது வளர்ப்போர் கைக்கொள்ளும் அளவு. மரபியல் ஆய்வுக்கூடத்தில் நாம் கண் நிறம் எண்ணிச் சலித்த பழ ஈக்கள் இதற்கு மிகவும் ஏற்றவை! சற்று வளர்ந்தபின் சிறிய சுவர்க்கோழிகள் கொடுக்கலாம். ஆனால் இப்பூச்சிகளில் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் குறைவு. ஆகையால் பூச்சிக்கு முதலில் கீரை தின்னக் கொடுத்து, பிறகு அதன்மேல் கால்சியத் தூளை இலேசாகத் தூவிக் கொடுக்க வேண்டும்.

தூள் தூவினால் மட்டும் போதாது, வெளிச்சம் வேண்டும். உண்ட கால்சியம் எலும்பில் சேர வைட்டமின் டி வேண்டும். சுமார் 290 முதல் 315 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள புற ஊதாக் கதிர் தோலில் பட்டால்தான் அது உண்டாகும். சாதாரணக் கண்ணாடி இக்கதிரைத் தடுத்துவிடுகிறது. சன்னலோரம் வைத்திருக்கிறோமே, வெயில் படுகிறதே என்று நாங்கள் மகிழ்ந்தது எவ்வளவு பேதைமை! கதிர் கிடைக்காத குஞ்சுக்கு எலும்பு மென்மையாகிக் கால் வளையும், தாடை தளரும், நாக்கும் எட்டாமற் போகும். மடகாஸ்கர் பச்சோந்தி ஒன்றைப் பற்றி 2009இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு, உணவில் வைட்டமின் டி குறைந்தவை தாமாகவே அதிக நேரம் கதிரில் காய்ந்தன என்கிறது. நம் விடுதி மாணவர்க்கு இந்தப் புத்தி இல்லை.

எனவே வீடு என்பது வலைக்கூண்டு: காற்றோட்டத்துடன், அகலத்தைவிட உயரம் மிகுந்து, உள்ளே இலையடர்ந்த செடி. கால்விரல்கள் இடுக்கிபோல் இரு பிரிவாக அமைந்திருப்பதால் அவை பற்றக்கூடிய பருமனில் கிளைகள் வேண்டும். உச்சியில் சுமார் 30 பாகை வெப்பமும், கீழே குளிர்ச்சியும் இருந்தால் தானே இடம் தேடிக்கொள்ளும். ஒரு கூண்டில் ஒன்றுதான்.

நிறத்தைப் பற்றியும் ஒரு சொல். இடத்துக்கேற்ப வேடமிடுவதே அதன் தொழில் என்பது பாதிப் பொய். தோலணுக்களிலுள்ள நுண்படிகங்களின் இடைவெளி மாறுவதால் நிறம் மாறுகிறது என்று ஜெனீவா பல்கலைக்கழகத்தார் 2015இல் கண்டனர். வெப்பம், அச்சம், சினம் எல்லாம் அந்நிறத்தில் தெரியும். எங்கள் குஞ்சு கறுத்தது வேடமன்று, முறையீடு.

இவ்வளவும் அறிந்தபின் நாமும் ஒன்று பிடித்து வளர்க்கலாமே என்பீர்கள். கூடாது. இந்தியாவில் இயற்கையாக வாழும் பச்சோந்தி இனம் ஒன்றே, இலங்கையிலும் உண்டு. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைப் பிடிப்பதையும் விற்பதையும் வளர்ப்பதையும் தடுக்கிறது. மூன்று நாள் நாங்களும் குற்றவாளிகளாகத்தான் இருந்தோம். மறுநாளே வனத்துறைக்குச் சொன்னோம். துளையிட்ட அட்டைப்பெட்டியில், ஒரு கிளையோடு, எடுத்துச் சென்றார்கள். கடைகளில் ஆசை காட்டுவது பெரும்பாலும் ஏமன் நாட்டுப் பச்சோந்தி. சர்வதேச வணிக உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் உள்ள உயிர் அது. 2024ஆம் ஆண்டு விதிகளின்படி அரசிடம் பதிவு செய்தாக வேண்டும். பத்திரம் இல்லாமல் விற்பவரிடம் வாங்குவது வம்பு.

அறை நண்பர் அந்த ஏமன் இனத்தின்மேல் கொஞ்ச நாள் கண் வைத்திருந்தார். புற ஊதா விளக்கின் விலையையும், எரிந்துகொண்டிருக்கும்போதே அதன் கதிர் குன்றிவிடும், அவ்வப்போது மாற்ற வேண்டும் என்பதையும் விசாரித்தறிந்தார். இப்போது மீன் வளர்க்கிறார். தொட்டிதான் காலியாக இருந்ததே.