வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி

வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதி என்பது இயற்கையில் நிகழும் செயல்முறைகளின் திசையை வரையறுக்கும் இயற்பியல் விதியாகும். ஆற்றலை ஆக்கவோ அழிக்கவோ இயலாது என்பது முதல் விதி. ஆனால் ஒரு மாற்றம் எத்திசையில் நிகழும் என்பதை அவ்விதி கூறுவதில்லை. சூடான பொருளிலிருந்து குளிர்ந்த பொருளுக்கு வெப்பம் தானாகப் பாய்கிறது; எதிர்த்திசையில் தானாகப் பாய்வதில்லை. இரு திசைகளிலும் மொத்த ஆற்றல் மாறாது என்றாலும், ஒரு திசை மட்டுமே நிகழ்வதன் காரணத்தை இரண்டாம் விதி விளக்குகிறது. காஞ்சிபுரம் மாவட்டத்தின் திருப்பெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பகுதியில் உள்ள கண்ணாடி, டயர், வாகன, மின்னணு ஆலைகளின் அன்றாடச் செயல்பாடுகளில் இவ்விதியைத் தெளிவாகக் காணலாம்.

வரலாறு

நீராவி எந்திரங்களின் திறனுக்கு ஓர் உச்ச வரம்பு உண்டு என்பதைப் பிரெஞ்சுப் பொறியாளர் சாடி கார்னோ 1824-இல் வெளியிட்ட நூலில் காட்டினார். இதன் அடிப்படையில் செருமானிய இயற்பியலாளர் ருடோல்ஃப் கிளாசியசு 1850-இலும், பிரித்தானிய இயற்பியலாளர் வில்லியம் தாம்சன் (கெல்வின் பிரபு) 1851-இலும் இரண்டாம் விதியை வகுத்தனர். 'என்ட்ரோபி' என்னும் சொல்லைக் கிளாசியசு 1865-இல் உருவாக்கினார். என்ட்ரோபிக்கும் அணுக்கள் அமையக்கூடிய வழிகளின் எண்ணிக்கைக்கும் உள்ள தொடர்பை 1877-இல் லுட்விக் போல்ட்சுமான் நிறுவினார்.

விதியின் கூற்றுகள்

கிளாசியசின் கூற்று: வேறு எவ்வித மாற்றமும் ஏற்படாமல், குளிர்ந்த பொருளிலிருந்து சூடான பொருளுக்கு வெப்பத்தைக் கடத்த இயலாது.

கெல்வினின் கூற்று: ஒரே வெப்ப மூலத்திலிருந்து வெப்பத்தைப் பெற்று, அதனை முழுவதும் வேலையாக மாற்றுவதை மட்டுமே விளைவாகக் கொண்ட சுழற்சி எந்திரத்தை அமைக்க இயலாது.

இவ்விரு கூற்றுகளும் ஒன்றுக்கொன்று சமமானவை. ஒன்று மீறப்பட்டால் மற்றதும் மீறப்படும்.

என்ட்ரோபி

தனித்த அமைப்பு ஒன்றின் என்ட்ரோபி ஒருபோதும் குறைவதில்லை என்பது இவ்விதியின் பொதுவான வடிவம். எடுத்துக்காட்டாக, 1,500 கெல்வின் வெப்பநிலையில் உள்ள உலையிலிருந்து 300 கெல்வின் வெப்பநிலையில் உள்ள சூழலுக்கு 1,000 யூல் வெப்பம் கசிவதாகக் கொள்வோம். வெப்ப அளவை வெப்பநிலையால் வகுத்தால் என்ட்ரோபி மாற்றம் கிடைக்கும். உலையின் என்ட்ரோபி 0.67 அலகு குறைகிறது. சூழலின் என்ட்ரோபி 3.33 அலகு கூடுகிறது. நிகர மாற்றம் ஏறத்தாழ 2.67 அலகு உயர்வு. அதே வெப்பம் தானாக உலைக்குத் திரும்பினால் நிகர என்ட்ரோபி அதே அளவு குறைய வேண்டும். எனவே அது நிகழ்வதில்லை.

கண்ணாடி உலை: ஓர் எடுத்துக்காட்டு

திருப்பெரும்புதூரில் செயின்ட் கோபைன் நிறுவனத்தின் மிதவைக் கண்ணாடி ஆலை 2000-ஆம் ஆண்டு முதல் இயங்கி வருகிறது. மிதவை முறையில் மணல், சோடா உப்பு, சுண்ணாம்புக்கல் முதலியவை ஏறத்தாழ 1,500 பாகை செல்சியசுக்கு மேல் உருக்கப்படுகின்றன. உருகிய கண்ணாடி, உருகிய வெள்ளீயத்தின் மீது மிதந்து தகடாகப் பரவுகிறது. வெள்ளீயம் உயிர்வளியுடன் தானாகவே வினைபுரியும் இயல்புடையது. அத்திசையில் வினை நிகழாமல் தடுக்க, நைதரசன்–ஐதரசன் கலவை தொட்டியின் மேல் நிரப்பப்படுகிறது.

இத்தகைய உலைகளில் வெளியேறும் புகை மிகுந்த சூடுடையது. பொதுவாக அது செங்கல் அடுக்கிய அறைகள் வழியே செலுத்தப்பட்டு, செங்கற்கள் சூடேற்றப்படுகின்றன. ஏறத்தாழ 20 நிமிடங்களுக்கு ஒருமுறை ஓட்டம் திருப்பப்பட்டு, எரிதலுக்கான காற்று அச்செங்கற்களின் வெப்பத்தைப் பெறுகிறது. எனினும் இம்முறையால் வெப்பம் முழுவதையும் மீட்க இயலாது. புகையிலிருந்து செங்கல்லுக்கும், செங்கல்லிலிருந்து காற்றுக்கும் வெப்பம் பாய வெப்பநிலை வேறுபாடு தேவை. அவ்வேறுபாடு உள்ள ஒவ்வோர் இடத்திலும் என்ட்ரோபி உயர்கிறது.

வெப்பத்தின் தரம்

மீதமுள்ள வெப்பத்தின் அளவைவிட அதன் வெப்பநிலை முதன்மையானது. கார்னோவின் வரம்புப்படி, 30 பாகை செல்சியசு சூழலில் 500 பாகை செல்சியசு வெப்பத்திலிருந்து அதிகபட்சமாக ஏறத்தாழ 61 விழுக்காட்டை வேலையாக மாற்றலாம். 60 பாகை செல்சியசு வெப்பத்திலிருந்து 9 விழுக்காடு மட்டுமே பெற முடியும். இவை கொள்கையளவிலான உச்சங்கள். நடைமுறையில் கிடைப்பது இதனினும் குறைவு. 'ஆற்றல் வீணாகிறது' என்று கூறும்போது ஆற்றல் அழிவதில்லை. வேலை செய்யும் தகுதியையே அது இழக்கிறது.

திசையும் வேகமும்

இரண்டாம் விதி திசையைக் கூறுமே தவிர வேகத்தைக் கூறாது. கண்ணாடித் தகடு விரைவாகக் குளிர்ந்தால் மேற்பரப்பு முதலில் குளிர்ந்து இறுகும். உட்பகுதி பின்னர் சுருங்குவதால் தகைவுகள் தங்கி, தகடு உடையக்கூடும். எனவே நீண்ட பதப்படுத்தும் உலையில் அது மெதுவாகக் குளிர்விக்கப்படுகிறது. வெப்பம் வெளியேறும் திசையை மாற்ற முடியாது. அதன் வேகத்தைக் கட்டுப்படுத்த முடியும்.

ஒரகடத்தில் உள்ளது போன்ற டயர் ஆலைகளில் இரப்பர் கந்தகத்துடன் சூடேற்றிப் பதப்படுத்தப்படுகிறது. அதனால் உண்டாகும் பிணைப்புகள் டயர் குளிர்ந்த பின்னும் நீங்குவதில்லை. டயரைப் பழைய இரப்பராக எளிதில் மாற்ற இயலாமையால், பழைய டயர்களின் மறுசுழற்சி கடினமாகிறது.

தவறான புரிதல்கள்

குளிரூட்டி வெப்பத்தைக் குளிர்ந்த அறையிலிருந்து சூடான வெளிப்புறத்திற்குக் கடத்துவதால் இவ்விதியை மீறுவதாகத் தோன்றலாம். ஆனால் அதன் அமுக்கி மின்னாற்றலைச் செலவிடுகிறது. அறையிலிருந்து எடுத்த வெப்பத்துடன் அம்மின்னாற்றலும் சேர்ந்து வெளியேறுவதால், மொத்த என்ட்ரோபி உயர்கிறது. மூடிய அறையில் குளிர்பதனப் பெட்டியின் கதவைத் திறந்து வைத்தால் அறை குளிராமல் மெல்லச் சூடாவதும் இதனாலேயே.

மணலிலிருந்து சீரான கண்ணாடித் தகடும், உதிரிபாகங்களிலிருந்து வாகனமும் உருவாவதும் விதிக்கு முரணானவை அல்ல. ஓர் இடத்தில் உண்டாகும் ஒழுங்குக்கு ஈடாக எரிபொருளும் மின்சாரமும் செலவாகி, சூழலின் என்ட்ரோபி அதைவிட மிகுதியாக உயர்கிறது. எந்த ஆலையாலும் இச்செலவை முற்றிலும் தவிர்க்க இயலாது. வெப்பநிலை வேறுபாடுகளையும் உராய்வையும் குறைத்து அதனைச் சிறிதாக்கவே இயலும்.