கேமரன் மலை மழையும் அண்டார்டிகா பனியும்: இரண்டையும் ஆட்டி வைக்கும் பசிபிக்

மழை குறைந்தால் கொழுந்து குறையும். கம்போங் ராஜாவில் வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. எல் நினோ என்றால் என்னவென்றும் மலேசியர்களுக்குத் தெரியும்: 1998 ஏப்ரலில் பெர்லிஸ் சுப்பிங்கில் 40.1 டிகிரி பதிவானது ஓர் எல் நினோ காலத்தில்தான். ஆனால் அதே எல் நினோ அண்டார்டிகாவைச் சுற்றி மிதக்கும் கடல் பனியையும் தொடுகிறது. எப்படி?

பசிபிக்கின் சூடான நீர் பொதுவாக மேற்கே, நம்ம பக்கம்தான் தேங்கி நிற்கும். எல் நினோ வந்தால் அந்தச் சூடு கிழக்கே நகரும். மழை மேகங்களும் பின்னாலேயே போய்விடும். மேகக் கூட்டம் இடம் மாறும்போது, அதனால் வானத்தில் உண்டாகும் காற்றலைகளும் மாறும். அவை தெற்கே வெகுதூரம் போய், அமுண்ட்சன் கடல் மேல் நிற்கும் காற்றழுத்தத் தாழ்வை வலுவாக்கும் அல்லது தளர்த்தும். லா நினாவில் அது வலுவாகும். அதன் மேற்கே, ராஸ் கடலில், கண்டத்திலிருந்து வீசும் குளிர்காற்று பனியை வெளியே பரப்பும். கிழக்கே சூடான வடகாற்று பனியைச் சுருக்கும். எல் நினோவில் கிட்டத்தட்ட இதன் தலைகீழ்.

எல் நினோ ஓரிரு ஆண்டில் போய்விடும். பசிபிக்கில் அதைவிட மெதுவான, பல பத்தாண்டுகள் இழுக்கும் ஓர் ஊசலும் உண்டு. 2000-க்குப் பிறகு சுமார் 2014 வரை அது லா நினா சாயலில் இருந்தது. 2014 செப்டம்பரில் அண்டார்டிகக் கடல் பனி 2 கோடி சதுர கிலோமீட்டரைத் தாண்டியது. 1979-இல் தொடங்கிய செயற்கைக்கோள் பதிவில் அதுவே உச்சம். "பூமி சூடாகுதுன்னா பனி ஏன் கூடுது?" என்று பலர் கிண்டலாகக் கேட்டார்கள். ஒரு பகுதி பதில், இந்த ஊசல்.

பிறகு ஊசல் திரும்பியது, வலுவான எல் நினோவும் வந்தது, 2016 இறுதியில் பனி மளமளவென்று சரிந்தது. இதுவரை கணக்கு சரி. சிக்கல் அடுத்துதான். 2020 முதல் 2023 தொடக்கம் வரை தொடர்ந்து லா நினா. ஊசல் மட்டும்தான் காரணமென்றால் பனி ஓரளவாவது மீண்டிருக்கணும். மீளவில்லை. 2023 பிப்ரவரியில் சுமார் 18 லட்சம் சதுர கிலோமீட்டராக, அதுவரை காணாத அளவுக்குச் சுருங்கியது. மேற்பரப்புக்குக் கீழே கடல் சூடாகிவிட்டதே இதற்குக் காரணமாக இருக்கலாம் என்பது விஞ்ஞானிகளின் சந்தேகம்.

வட துருவத்தில் இவ்வளவு குழப்பம் இல்லை. அட்லாண்டிக்கின் ஊசல் அங்கே வேகத்தைக் கூட்டிக் குறைக்கலாம், திசையை மாற்றவில்லை. 1979 முதல் செப்டம்பர் மாதப் பனி பத்தாண்டுக்குச் சுமார் 12 விழுக்காடு குறைந்து வந்திருக்கிறது.

ஊசல் வாய்ப்பைத்தான் கூட்டும், குறைக்கும். ஒவ்வொரு நாளையும் தீர்மானிக்காது. எல் நினோ வந்தால் மலை காய்ந்தே கிடக்கும் என்று நம்பிவிடாதீர்கள். 2024 ஜனவரி 26, எல் நினோ நடந்துகொண்டிருந்தபோதுதான், கம்போங் ராஜா புளூ வேலியில் நிலம் சரிந்து 5 மியன்மார் தொழிலாளர்கள் இறந்தார்கள். சரிவோரம் குடியிருந்தால், எல் நினோ செய்தியை விட மெட்மலேசியாவின் அன்றைய மழை எச்சரிக்கையைப் பாருங்கள்.