ஜப்பான் கதவடைத்துக் கிடந்ததா?

1639-இல் போர்த்துகீசியரை வெளியேற்றியது முதல் 1853-இல் அமெரிக்கக் கப்பல்கள் வந்தது வரை ஜப்பான் உலகுக்குக் கதவடைத்துக் கிடந்தது என்றே நெடுங்காலம் எழுதப்பட்டது. அப்போது ஆண்ட டோக்குகாவா அரசின் காலத்தை ஆராய்ந்தவர்கள் காட்டும் சித்திரம் வேறு. நாகசாகியில் டச்சுக்காரரோடும் சீனரோடும், சுஷிமா வழியே கொரியரோடும், சட்சுமா வழியே ரியூக்யூ தீவினரோடும், மட்சுமாயே வழியே ஐனு மக்களோடும் வணிகம் தொடர்ந்தது. சோழமண்டலக் கரைத் துணிகூட டச்சுக் கப்பலில் அங்கே போனது. சரக்கோடு அறிவும் வந்தது: 1774-இல் சுகிதா கென்பாக்குவும் நண்பர்களும் டச்சு மொழியிலிருந்து உடற்கூற்றியல் நூலொன்றை மொழிபெயர்த்து வெளியிட்டார்கள்.

கடல் கடந்த ஜப்பானியருக்கு 1635 முதல் மரண தண்டனை இருந்ததே என்று கேட்கலாம். உண்மைதான்; கிறிஸ்தவர்கள் பட்ட கொடுமையும் மறைக்கக்கூடியதல்ல. ஆனால் அந்த அரசு தொடர்பை அறுக்கவில்லை, தன் கைப்பிடிக்குள் வைத்துக்கொண்டது. இதை உணர்ந்தால்தான், டோக்குகாவா ஆட்சி வீழ்ந்த 1868-க்குப் பிந்தைய வேகமான மாற்றம் விளங்கும்: மேற்கின் மருத்துவமும் வானியலும் அதற்கு முன்பே அங்கே வேர்விட்டிருந்தன.