முதலில் அம்மா வாயைத் திறக்கட்டும்

“எங்க குடும்பத்துக்கே பல்லு இப்படித்தான் டாக்டரம்மா, பரம்பரை.” முன்பற்கள் கறுத்துக் கரைந்துபோன இரண்டு வயதுக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அம்மாக்கள் என்னிடம் சொல்வது இது. “அப்படியா? நீங்க கொஞ்சம் வாயைத் திறங்க” என்பேன். கடைவாயில் அடைக்காத குழி ஒன்றாவது அநேகமாக இருக்கும்.

பரம்பரைக்கும் ஒரு பங்கு உண்டு. ஆனால் கூடவே கைமாறுவது கிருமி. 1924-ல் லண்டனில் கிலியன் கிளார்க் என்பவர் சொத்தைப் பல்லிலிருந்து ஒரு கிருமியைப் பிரித்தெடுத்து, ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மியூட்டன்ஸ் என்று பெயரிட்டார். சொத்தைக்குக் காரணமான கிருமிகள் பல. அவற்றில் இது முக்கியமானது. சர்க்கரையைத் தின்று பல்லில் பசைபோல ஒட்டிக்கொள்ளும். அமிலத்தைக் கக்கி எனாமலைக் கரைக்கும். 1960-ல் அமெரிக்க ஆய்வாளர் பால் கீஸ், சொத்தை வராத ஹாம்ஸ்டர்களைச் சொத்தையுள்ளவற்றோடு ஒரே கூண்டில் விட்டார். அவற்றுக்கும் சொத்தை வந்தது.

நம் வீட்டில் கூண்டு தேவையில்லை, எச்சில் போதும். சூடு பார்க்க வாயில் வைத்த ஸ்பூன், கீழே விழுந்ததும் அம்மா சப்பிக் கொடுக்கும் சூப்பான், பாட்டி மென்று ஊட்டும் முறுக்கு. அம்மாவின் வாயிலும் குழந்தையின் வாயிலும் இருப்பது ஒரே ரகக் கிருமி என்பதை மரபணுச் சோதனைகள் பலமுறை காட்டியிருக்கின்றன. அப்பா, அண்ணன், அக்கா, விளையாட வரும் பிள்ளைகளிடமிருந்தும் வரலாம்.

அம்மா வாயில் கிருமியைக் குறைத்தால் என்ன ஆகும்? ஃபின்லாந்தின் யுலிவியெஸ்கா என்ற ஊரில் பார்த்தார்கள். இந்தக் கிருமி அதிகமுள்ள தாய்மார்களில் ஒரு பகுதியினர், குழந்தைக்கு 3 மாதம் ஆனதிலிருந்து 2 வயது வரை, சைலிட்டால் என்ற இனிப்பு கலந்த சூயிங்கம் மென்றார்கள். குழந்தைகளுக்கு எதுவும் கொடுக்கவில்லை. இரண்டு வயதில் அவர்களில் சுமார் 10 சதவீதக் குழந்தைகளிடம்தான் கிருமி இருந்தது. தாய்க்குக் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினிப் பூச்சு போட்ட குழுவில் 29, ஃபுளோரைடு பூச்சு போட்ட குழுவில் 49 சதவீதம். இந்த முடிவு 2000-ல் வெளியானது.

“அப்போ பேரனுக்கு முத்தம்கூடக் கொடுக்கக் கூடாதா?” என்று பாட்டிகள் கோபிப்பார்கள். தாராளமாகக் கொடுங்கள். ஒரே வீட்டில் இருக்கும்போது கிருமியை முழுக்கத் தடுக்க முடியாது. ஸ்பூனைப் பிரித்து வைப்பதால் மட்டும் சொத்தை நிற்காது என்று ஜப்பானின் வாய் சுகாதாரக் கழகமே 2023-ல் சொல்லிவிட்டது. சர்க்கரை கிடைக்காத கிருமியால் பெரிதாக எதுவும் செய்ய முடியாது. இரவில் சர்க்கரைப் பால் புட்டியோடு தூங்கவைப்பதும் சூப்பானில் தேன் தடவுவதும்தான் அதற்குப் போடும் விருந்து. அவற்றை நிறுத்துங்கள். முதல் பல் முளைத்ததுமே, அரிசியளவு ஃபுளோரைடு பேஸ்ட்டால் காலையும் இரவும் நீங்களே தேய்த்துவிடுங்கள்.

கர்ப்பிணிகள் பல் பார்க்கக் கூடாது என்று இன்னும் பல வீடுகளில் தடுக்கிறார்கள். அது தவறு. நான்காம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை அதற்கு வசதியான காலம். வளைகாப்புக்கு முன்பே குழிகளை அடைத்துவிடுங்கள். குழந்தையை வளர்க்கப்போகும் பாட்டியையும் கூடவே அழைத்து வாருங்கள்.